வக்கீலுக்கு வைத்த விரதம்

பிப்ரவரி 21, சனி

நேற்று நான் என் ஆட்டை விரதம் இருக்க வைத்தேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் தெருவே சிரித்து முடித்த பிறகு டைரியிடம் மட்டும் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூட்டம். மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா மைக் பிடித்துப் பேசினார். சினை ஆட்டுக்குக் கடைசி மாதம் விரதம் ரொம்ப முக்கியம் என்றார். எனக்கு அப்படித்தான் விழுந்தது. நான் ஆச்சரியப்படவில்லை. பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று நாம் எத்தனை வெள்ளி, எத்தனை சஷ்டி இருக்கிறோம். ஆடு மட்டும் என்ன, மூன்று வேளையும் தின்றுகொண்டே வரம் கேட்குமா?

ஆக, வெள்ளி காலையில் குளிப்பாட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, தண்ணீர் மட்டும் காட்டிக் கட்டிப்போட்டேன். துணைக்கு நானும் சாப்பிடவில்லை. அதைப் பட்டினி போட்டுவிட்டு அதன் கண் முன்னால் கருவாட்டுக் குழம்பை வழித்துத் தின்ன எனக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் எதிர்வீட்டு முத்துப்பேச்சி வந்தாள். ஆடு ஏன் சாமியாடப் போகிற ஆள் மாதிரி நிற்கிறது என்று கேட்டாள். விளக்கினேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகுதான் சொன்னாள்.

"யக்கா, அது விரதம் இல்லக்கா, புரதம். பருப்பு, புண்ணாக்குல எல்லாம் இருக்குமே, சத்து. அத நெறையக் குடுக்கச் சொன்னாங்க."

மைக் செட்டைத்தான் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஒரு குழாய் கட்டினால் மூன்று ஊருக்குக் கேட்கும். இப்போது வருவதெல்லாம் கொசுவுக்குச் சளி பிடித்த மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 23, திங்கள்

டாக்டரம்மாவிடமே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து என் முகத்துக்கு நேராக வந்து, சினை ஆடு இந்த மாதத்தில் ஒரு வேளை பட்டினி கிடந்தாலே ஆபத்து என்றார். குட்டிகள் வயிற்றை அடைத்துக்கொள்வதால் ஆட்டால் நிறையத் தின்ன முடியாது. அதனால் தின்கிற கொஞ்சத்திலேயே சத்து இருக்க வேண்டும். போன ஈற்றில் ஆடு எழ முடியாமல் படுத்துவிட்டதும், இரண்டு குட்டியும் செத்ததும் அதனால்தான் இருக்கும் என்றார்.

இனி தினமும் என்ன தீனி போட்டேன் என்று எழுதி வைக்கச் சொன்னார். அதையும் இந்த டைரியிலேயே எழுதிவிடலாம். உரக்கடையில் போன வருஷம் கொடுத்தது. கிழமையை அடித்துத் திருத்தி எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பின் கதவைப் பார்த்திருக்கிறேன், அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆட்டின் பெயர் வக்கீல். தலைச்சேரி இனம், நல்ல பால்வாகு. பஸ் நிறுத்தத்து அந்தோணி கடையில் ஆட்டுப்பால் டீ என்று எழுதிப் போட்டிருப்பதே இவளை நம்பித்தான். ஓயாமல் கத்திக் கத்தி வாதாடுவாள் என்பதால் அந்தப் பெயர். இந்தச் சினையில் ரொம்ப அடங்கிவிட்டாள். கத்துவதே இல்லை. பெண்பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டால் அப்படித்தான்.

இன்று போட்டது: தழை, தவிடு, கொஞ்சம் பாசிப்பயறு. பயறு எங்கள் குழம்புக்கு வைத்திருந்தது.

பிப்ரவரி 25, புதன்

குருவம்மாள் மதினி வந்துபோனார். என் வீட்டுக்காரரின் அக்கா. வக்கீல் அவருடைய ஆடு. எனக்கு வாரத்துக்கு விட்டிருக்கிறார். அதாவது வளர்ப்பது நான், பால் எனக்கு, குட்டியில் ஆளுக்குப் பாதி. போன ஈற்றில் செத்த குட்டியை எப்படிப் பாதி பிரிப்பது. அந்த மனத்தாங்கல் அவருக்கு.

விரதச் செய்தி அவர் ஊருக்கு எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. வக்கீலின் முதுகைத் தடவிப் பார்த்தார். எலும்பு கையில் தட்டியது அவர் முகத்தில் தெரிந்தது.

"இந்த ஈத்துலயும் குட்டி தங்கலேன்னா எட்டயபுரம் சந்தைக்கு ஏத்திருவேன், சோலைத்தாயி. பெறகு எம்மேல வருத்தப்படாத."

நான் சிரித்துக்கொண்டே, ஏற்றுவதானால் என்னையும் சேர்த்து ஏற்றுங்கள் மதினி, ரெண்டு பேருக்கும் பல் நன்றாக இருக்கிறது, நல்ல விலை போவோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சந்தைக்குப் போகிற பெட்டை ஆட்டை வளர்க்கவா வாங்குவார்கள்.

இருங்கள், ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன்.

படுத்து அசைபோடுகிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள்.

பிப்ரவரி 26, வியாழன்

ஐந்தாறு தடவை போய்ப் பார்த்தேன். அவளுக்கே எரிச்சல் வந்து திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 1, ஞாயிறு

புண்ணாக்குக்கு வழியில்லை. செக்கு வைத்திருக்கும் அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைச் சண்டை. ஆளுக்கொரு பூட்டுப் போட்டிருக்கிறார்கள். கடலைப் புண்ணாக்கு உள்ளே, நாங்கள் வெளியே. டாக்டரம்மா வேறு வழி சொன்னார். அசோலா என்று ஒரு பாசி. தண்ணீரில் தானாகப் பெருகும், புண்ணாக்கில் இருக்கிற அந்தப் புரதம் அதிலும் இருக்கிறதாம். கூடவே அகத்தித் தழை, கருவேலங்காய், பருப்பு மில்லில் கிடைக்கிற பொட்டு, அதாவது பருப்பு உடைக்கும்போது கழிகிற தோலும் நொய்யும். இதையெல்லாம் மாற்றி மாற்றிக் கொடுத்தால் புண்ணாக்கு இல்லாமலே சமாளிக்கலாம் என்றார்.

என் வீட்டுக்காரருக்கு இன்று லீவு. கோவில்பட்டியில் ஒரு சேவுக் கடையில் அடுப்படி வேலை. ஞாயிறு மட்டும்தான் பகலில் வீட்டில் இருப்பார். கொல்லையில் குழி வெட்டச் சொன்னேன். வெட்டினார். தார்பாய் விரித்து, மண் போட்டு, சாணியைக் கரைத்து ஊற்றி, டாக்டரம்மா பையில் கொடுத்த பாசியைத் தூவினோம். அந்தப் பக்கமாக வந்த முத்துப்பேச்சி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து என்னமோ கேட்டாள். மீன் வளர்க்கிறோம், வெறும் முள்ளுதான் வரும் என்றேன். அவள் கேட்டது மணி என்ன என்றுதானாம். அவளும்தான் வாய்க்குள்ளேயே பேசுகிறாள்.

பையில் மிச்சம் இருந்ததில் ஒரு பிடியை வக்கீலிடம் நீட்டினேன். முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள். மாமியார் வைத்த குழம்பை மருமகள் பார்க்கிற பார்வை. தலையைத் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 2, திங்கள்

பாசியைச் சாணி நாற்றம் போக நாலு தண்ணீரில் அலசி, தவிட்டில் பிசைந்து, மேலே உப்பு தூவி வைத்தேன். தவிட்டை மட்டும் நக்கித் தின்றுவிட்டுப் பாசியை ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கிறாள். என் மகன் சின்ன வயதில் கறிவேப்பிலையை ஒதுக்குவான், அதே நறுவிசு.

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரு வேடிக்கை. காலையில் இவர் பஸ்ஸுக்கு ஓடும்போது, சாயங்காலம் மறக்காமல் பொட்டு வாங்கி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். உளுந்தம் பொட்டோ துவரம் பொட்டோ, பருப்பு மில்லில் எது கிடைத்தாலும் சரி என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

சாயங்காலம் வந்தார். கையில் சாக்கு இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து நீட்டினார். சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. வட்டம், பெரிய சைஸ்.

எனக்கு வந்த சிரிப்பில் வயிறு பிடித்துக்கொண்டது. வக்கீல் நெற்றியில் ஒட்டிவிட்டால் புரதம் உள்ளே இறங்கிவிடுமா என்று கேட்டேன்.

"நீ பொட்டுன்னுதான சொன்ன."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் தானாக எனக்கு ஒரு ஊக்கு வாங்கித் தந்ததில்லை. கடையில் நின்று எப்படிக் கேட்டிருப்பார் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன். அவர் முகம் சிவந்து போய் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய் அரை மூட்டை துவரம் பொட்டு வாங்கி வந்தார். அந்தப் பொட்டு ஆட்டுக்கு, இந்தப் பொட்டு எனக்கு. ஒன்றை ஒட்டிப் பார்த்தேன். பரவாயில்லை.

இன்று போட்டது: தவிடு, துவரம் பொட்டு ஒரு படி. முழுதும் தின்றாள்.

மார்ச் 6, வெள்ளி

பாசி குழி முழுக்கப் பச்சைக் கம்பளியாக விரிந்துவிட்டது. முந்தைய நாள் பாசியைக் காயவைத்து, பொட்டில் மறைத்து, கருப்பட்டித் தண்ணீர் தெளித்தேன். தின்றாள். ஏமாற்றித் தின்ன வைப்பதில் பிள்ளை வளர்த்தவளை ஆடு ஜெயிக்க முடியாது.

திருப்பூரிலிருந்து மகன் போன் பண்ணினான். போன் இப்போதெல்லாம் சுத்தமாகச் சரியில்லை. தூரத்தில் யாரோ பஞ்சு மெல்லுகிற மாதிரி இருக்கிறது. சரி சரி, சரிப்பா, உடம்பைப் பார்த்துக்கோ என்று வைத்துவிட்டேன். அவன் என்ன கேட்டிருந்தாலும் அதற்குச் சரி என்பது பொருந்தும்.

இவர் வேறு கொஞ்ச நாளாக ஒரு மாதிரி நடந்துகொள்கிறார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அடுப்படிக்குள்ளேயே வந்து என் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு சொல்கிறார். உப்பு எங்கே என்று கேட்பதற்குக்கூட. முன்பெல்லாம் வாசலிலிருந்தே குரல் கொடுக்கிற ஆள். புது மாப்பிள்ளை மாதிரி இருக்கிறதே, அந்த ஸ்டிக்கர் பொட்டு பண்ணுகிற வேலையா என்று கேட்டேன். உப்பை எடுத்துக்கொண்டு போனார்.

மார்ச் 9, திங்கள்

கையில் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை. எழுத்து கோணலாக வந்தால் அதனால்தான்.

தப்பு என்னுடையது. ஈனுகிற நாள் நெருங்குகிறது, இன்னும் விலா எலும்பு தெரிகிறதே என்று எனக்கு ஒரே பறப்பு. நேற்று ஒரே நாளில் அசோலா, அகத்தி, பொட்டு, இடித்த கருவேலங்காய் எல்லாவற்றையும் வாரி வாரி வைத்தேன். இத்தனை நாளும் சத்தில்லாமல் கிடந்த கடனை ஒரே நாளில் தீர்க்கிற மாதிரி. அவளும் தின்றாள்.

இன்று காலையில் இடது பக்கம் வயிறு உறுமிமேளம் மாதிரி உப்பிக் கிடந்தது. அசைபோடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காலை அகட்டி நின்றாள். எனக்குச் சந்தை லாரியின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரிந்தது.

முத்துப்பேச்சியை டாக்டரம்மாவுக்குப் போன் போடச் சொன்னேன். என் போன்தான் சரியில்லையே. டாக்டரம்மா சொன்னதை அவள் என்னைப் பார்த்துத் திருப்பிச் சொன்னாள். நல்லெண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள், படுக்க விடாதீர்கள், நடக்க வையுங்கள், நான் வருகிறேன் என்று.

நடக்க வைத்தேன். கீழத் தெரு, மேலத் தெரு, கோயில் வாசல், மறுபடி கீழத் தெரு. வயிறும் தள்ளி, எண்ணெய் வழிகிற வாயோடு அவள். பின்னால் பொட்டும் வேர்வையுமாக நான். அந்தோணி டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள், ஊர்வலம் எங்கே போகிறது, கொடி எங்கே என்றார்கள். ஓட்டுக் கேட்டு வருகிறோம், வக்கீல் நிற்கிறாள் என்றேன். நிற்க மட்டும் தெம்பிருந்தால் போதும் என்று உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டே வந்தேன்.

மத்தியானம் வாயு பிரிந்தது. ஏப்பமும் வந்தது. அதைப் போல நல்ல வாடையை நான் முகர்ந்ததே இல்லை.

டாக்டரம்மா வந்து பார்த்து, குட்டிகள் அசைகின்றன என்று என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். எந்தத் தீனியையும் ஒரு கைப்பிடி ஒரு கைப்பிடியாகத்தான் கூட்ட வேண்டும் என்று திட்டினார். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை தப்பவில்லை.

பஞ்சு மில்லில் வேலை பார்த்த காலத்திலேயே எனக்கு அது பழக்கம். பன்னிரண்டு வருஷம் அந்த மெஷின் இரைச்சலில் நாங்கள் பெண்கள் எல்லாம் உதட்டைப் பார்த்தே ஊர்வம்பு பேசுவோம். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்போம்.

மார்ச் 10, செவ்வாய்

தழை மட்டும். வேறு ஒன்றும் இல்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

ஒரு கைப்பிடி அசோலா, ஒரு கைப்பிடி பொட்டு. நாளைக்கு இரண்டு.

இவர் கோவில்பட்டியிலிருந்து ஒரு மணி வாங்கி வந்து வக்கீல் கழுத்தில் கட்டினார். அவளுக்கு ஏதாவது என்றால் உனக்குத் தெரியும் என்றார். பார்த்தால் பெரிய வெண்கல மணி, மாட்டுக்குக் கட்டுவது. ஆனால் கடைக்காரன் நன்றாக ஏமாற்றியிருக்கிறான். ஆட்டிப் பார்த்தேன், நாக்கு உள்ளே போய்ப் போய் வருகிறது, சத்தம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வெண்கலத்தில் ஈயம் கலந்திருப்பான்.

சாயங்காலம் முத்துப்பேச்சியின் மாமனார் வந்து, அந்த மணியைக் கழற்றினால் புண்ணியமாகப் போகும், மத்தியானம் கண்ணை மூட முடியவில்லை என்றார். குசும்பு பிடித்த கிழவர். நானும் விடவில்லை. உங்களுக்கும் ஒன்று வாங்கிக் கட்டிவிடட்டுமா, எங்கே இருக்கிறீர்கள் என்று வீட்டில் தேடிக்கொண்டே இருக்கிறார்களே என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

மடி இறங்கியிருக்கிறது. வால் எலும்புக்கு இரண்டு பக்கமும் குழி விழுந்துவிட்டது. இன்றோ நாளையோ. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. மூன்று தடவை வாசல் தெளித்தேன். பக்கத்து வீட்டு வாசலுக்கும் சேர்த்து.

மார்ச் 16, திங்கள்

இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

இன்றும் இல்லை. காலில் செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு அந்தோணி கடை வரை போய்விட்டேன். ஒன்று இவருடையது.

மார்ச் 18, புதன்

காலையில் தீனி தின்னவில்லை. தரையைக் காலால் பறித்தாள். ஆரம்பித்துவிட்டது என்று சாக்கு, கத்தரி, நூல், வெந்நீர் எல்லாம் எடுத்து வைத்தேன். இவர் வேலைக்குப் போகாமல் இருக்கட்டுமா என்று முகத்துக்கு நேராக நின்று கேட்டார். ஈனப்போவது அவள், உங்களுக்கென்ன லீவு என்று அனுப்பிவிட்டேன். அதுவும் ஒரு தப்பு.

வெயில் ஏறியும் ஒன்றும் காணோம். சும்மா இருக்க முடியாமல் கொட்டகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஈன்ற பிறகு கொடுப்பதற்காக அகத்தியை உருவிக்கொண்டிருந்தேன். இப்போதுதான் பார்த்தோமே என்ற நினைப்பு.

ரோட்டைத் தாண்டி முத்துப்பேச்சி ஓடி வருகிறாள். கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறது, வாய் எதையோ சொல்லிக்கொண்டே வருகிறது. கிட்டே வந்த பிறகுதான் புரிந்தது.

"இங்க உக்காந்து தழை உருவுறீங்க, அங்க ஆடு தொண்ட கிழியக் கத்துதேக்கா. எங்க வீட்டு அடுப்படி வரைக்கும் கேக்குது."

திரும்பினேன். முதல் குட்டி வைக்கோலில் கிடந்தது, ஈரமாக, தலையைத் தூக்கப் பார்த்துக்கொண்டு. வக்கீல் அதை நக்காமல் முக்கிக்கொண்டிருந்தாள். கழுத்து மணி இப்படியும் அப்படியும் ஆடியது. இரண்டாவது வந்தது, மூக்கை மூடிய சவ்வோடு. அசைவில்லை. போன தடவை இரண்டும் இப்படித்தான் வந்தன.

சவ்வைக் கிழித்தேன். வாய்க்குள் விரலை விட்டுச் சளியை வழித்தேன். பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி இரண்டு வீச்சு வீசினேன். வைக்கோலை எடுத்து மூக்கில் நுழைத்தேன். சாக்கால் நெஞ்சைத் தேய்த்தேன், தேய்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. குட்டி ஒரு தடவை உதறியது. வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது.

"கத்துதா?" என்று முத்துப்பேச்சியைக் கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். குட்டியைப் பார்த்தாள். மறுபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கத்துதுக்கா," என்றாள். இந்தத் தடவை உதட்டை நன்றாக விரித்துச் சொன்னாள்.

குட்டியின் தொண்டையில் இரண்டு விரலை வைத்தேன். உள்ளே தேனீ புகுந்த மாதிரி அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. ரொம்ப நேரம் விரலை எடுக்கவில்லை.

எதற்கு இப்படி முழிக்கிறாய், போய் வெந்நீரைக் கொண்டுவா என்று அவளை விரட்டினேன். கண்ணில் வைக்கோல் தூசி விழுந்திருந்தது, இரண்டு கண்ணிலும்.

ஒன்று கிடா, ஒன்று பெட்டை. வக்கீல் எழுந்து நின்றுவிட்டாள். போன தடவை மூன்று நாள் எழவில்லை. கருப்பட்டித் தண்ணீர் ஒரு சட்டி குடித்தாள், நஞ்சுக்கொடியும் சீக்கிரமே விழுந்தது. பெட்டைக்குட்டி ரொம்ப அடக்கம். வாயை மட்டும் அசைக்கிறது. அம்மாவைப் போல.

மார்ச் 19, வியாழன்

மடி நிறையப் பால். குட்டிகள் குடித்து மிஞ்சியதில் சீம்பால் காய்ச்சிக் கருப்பட்டி போட்டுத் தெருவுக்குக் கொடுத்தேன். அந்தோணி இரண்டு தடவை வாங்கித் தின்றுவிட்டு, டீக்கு எப்போது பால் வரும் என்றார். முதலில் குட்டிகள், அப்புறம்தான் உங்கள் கும்பினி என்றேன்.

முத்துப்பேச்சி இவரிடம் வாசலில் நின்று ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். என்ன ரகசியம், இரண்டு பேரும் ஓடிப்போகப் போகிறீர்களா, போவதானால் சொல்லுங்கள் கட்டுச்சோறு கட்டித் தருகிறேன் என்றேன்.

சாப்பிட்ட பிறகு இவர் வந்து எதிரே உட்கார்ந்தார். கோவில்பட்டியில் காது டாக்டர் ஒருவர் இருக்கிறார், ஒரு நாள் போய்வருவோம், நீயும் வா என்றார். பாவம், இவருக்குக் காதில் ஏதோ கோளாறு போல. அடுப்படியில் எண்ணெய் பொரிகிற சத்தத்திலேயே நிற்கிற ஆள். தனியாகப் போகப் பயம். சரி, குட்டிகள் கொஞ்சம் தேறட்டும், துணைக்கு வருகிறேன் என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எழுந்து வக்கீலைப் பார்க்கப் போனேன்.

மார்ச் 23, திங்கள்

சாயங்காலம் இவர் வேலை முடிந்து வந்த நேரம், மதினி ஒரு லோடு வேனில் வந்து இறங்கினார். வெங்காயம் ஏற்றப் போகிற வேனாம், வழியில் ஏறிக்கொண்டாராம். லோடு வேனைப் பார்த்ததும் நான் ஓடிப்போய் வக்கீலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

கொட்டகைக்குள் போனார். ஈன்ற வாடைக்கு முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். குட்டிகளைத் தூக்கிப் பார்த்தார். வக்கீலின் விலாவைத் தடவினார். நேரத்துக்கு ஏற்ற மாதிரி அவளும் தொட்டியில் தலையை விட்டு, பொட்டையும் பாசியையும் ஒன்றாக மென்றாள். எதையும் ஒதுக்கவில்லை.

மதினி என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். முந்தானைக்குள்ளேயே சொன்னார். துணி அசைந்தது, அவ்வளவுதான். கையால் வேனைக் காட்டினார், ஆட்டைக் காட்டினார். மறுபடி ஏதோ சொன்னார். பதிலுக்கு நிற்கிற மாதிரி நின்றார்.

எனக்குச் சிரிக்கவும் தோன்றவில்லை. இவரைப் பார்த்தேன். இவர் குட்டியைக் கீழே விட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றார். தோளைத் தொட்டார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"இங்கயே இருக்கட்டுங்கிறா. வேன்ல ஏத்தத்தான் வந்தாளாம், இப்பம் மனசு வரலயாம். உங்கிட்டயே இருக்கட்டுங்கிறா."

மதினியின் காலைத் தொட்டுக் கும்பிடப் போய், பாதியில் நினைப்பு மாறி, சீம்பால் தருகிறேன் இருங்கள் என்று உள்ளே ஓடி, அது தீர்ந்து நாளாகிவிட்டது என்று அடுப்படியில் நின்றுதான் ஞாபகம் வந்தது. வெறும் தட்டோடு திரும்பி வந்தேன். பெட்டைக்குட்டி எனக்கு, கிடா அவருக்கு. பால்குடி மறக்கிற வரை இங்கேதான் இரண்டும்.

வேன் கிளம்பும்போது மதினி முன் சீட்டிலிருந்து தலையை நீட்டி, இப்போது முந்தானை இல்லாமல், சிரித்தபடியே சொன்னார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் உதடு தெளிவாகத் தெரிந்தது. வாங்க, கோழி, ஞாயித்துக்கிழமை. நான் நன்றாகத் தலையாட்டினேன். இவர் அந்த நேரம் பார்த்துக் கொல்லைப்பக்கம் போயிருந்தார்.

மதினி நம்மைக் கூப்பிட்டுக் கோழி அடித்துப் போடுகிறார் என்றால் அது சாதாரண விஷயமா.

மார்ச் 29, ஞாயிறு

காலையிலேயே வக்கீலுக்கும் குட்டிகளுக்கும் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, பார்த்துக்கொள்ளும்படி முத்துப்பேச்சியிடம் சொன்னேன். பச்சைப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டேன். சிவப்புப் பொட்டு வைத்தேன். மிச்சக் குழம்பு தந்தால் வாங்கிவர மூடி உள்ள தூக்குச்சட்டி ஒன்றும் எடுத்துக்கொண்டேன். வீட்டில் உலை வைக்கவில்லை. இவரும் வெள்ளை வேட்டி கட்டினார்.

பத்து மணி பஸ்ஸுக்காக வாசலுக்கு வரும்போது அந்த லோடு வேன் வந்து நின்றது. டிரைவர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். மூன்று வான்கோழிகள் இறங்கின. நாலு இருந்ததாம், வழியில் ஒன்று குதித்துவிட்டதாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது துரத்திக் கொத்துவதால் மதினியால் வைத்துக்கொள்ள முடியவில்லையாம். வான்கோழியை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விடவா என்று கேட்டதற்கு நான் நன்றாகத் தலையாட்டினேனாம்.

பெரிய சேவல் வந்து தூக்குச்சட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தது. காலியாக இருந்தது. அது என் முந்தானையைப் பிடித்து இழுத்ததில் சரிகை ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. இவர் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது.

மத்தியானம் ரசம் வைத்தேன்.